மகள் முகம் கண்ட தந்தை: உம்ராவ் சிங் ஷேர்கில்

தைப்பூசத் தெப்பத் திருவிழா நாளில் வண்டியூர்த் தெப்பக்குளக் கரைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் திரும்பியிருக்க முடியாது. புத்தாடை உடுத்திய குழந்தையைப் படிக்கட்டில் நிறுத்தி, பின்னால் மைய மண்டபம் தெரியும்படி ஒதுங்கி நின்று படம் எடுக்கும் தாய் தந்தையர் எத்தனை பேர்! திருமலை நாயக்கர் 1645-ஆம் ஆண்டில் வெட்டுவித்த அந்தக் குளம் எத்தனையோ தலைமுறைக் குழந்தைகளின் முகங்களுக்குப் பின்னணியாக நின்றிருக்கிறது. முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்டூடியோவுக்குச் சென்று, வரைந்த திரைக்கு முன் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. ஆகவே படங்களும் பெருகிவிட்டன.

அன்புத் தோழியரே! படங்கள் பெருகியதைப் போல, பார்க்கும் பார்வையும் பெருகியிருக்கிறதா? பெற்ற குழந்தையைக் கருவியின் வழியாகப் பார்ப்பது வேறு. அவளை உள்ளபடி அறிவது வேறு. இந்த வேற்றுமையைத் தம் வாழ்நாள் முழுவதும் உணர்ந்தவர் ஒருவர் வட இந்தியாவில் வாழ்ந்தார். அவர் காசுக்காகப் படம் எடுத்தவர் அல்லர். கடை வைத்தவரும் அல்லர். தம் மனத்தின் நிறைவுக்காகவே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் படம் எடுத்தார். அவர் மிகுதியாகப் படம் எடுத்த முகங்களுள் ஒன்று, பிற்காலத்தில் இந்திய ஓவியக் கலையின் பெருமையாக விளங்கிய அம்ரிதா ஷேர்கிலின் முகம். அந்த அம்ரிதாவின் தந்தையாகிய உம்ராவ் சிங் ஷேர்கிலின் வாழ்க்கையே இக்கட்டுரையின் பொருள்.

பிறப்பும் பண்பும்

உம்ராவ் சிங் 1870-ஆம் ஆண்டில் பிறந்தார். பஞ்சாபில் அமிர்தசரஸ் நகருக்கு அருகிலுள்ள மஜீட்டா என்னும் ஊரைச் சேர்ந்த சீக்கியப் பிரபுக் குடும்பம் அவருடையது. நிலபுலன்களுக்குக் குறைவில்லை. அவருடைய தம்பி சுந்தர் சிங் மஜீட்டியா பொது வாழ்வில் இறங்கி, ஆங்கில அரசிடம் சர் பட்டம் பெற்று, பஞ்சாப் மாகாணத்தின் அமைச்சராகவும் உயர்ந்தார். தமையனோ அத்தகைய பதவிகளை நாடவில்லை.

சமஸ்கிருதமும் பாரசீகமும் அவருக்கு உயிரினும் இனியவை. கவிஞர் முகமது இக்பால் அவருடைய நண்பர். வானத்து மீன்களை ஆராய்வதிலும், மரத்தில் பொருள்கள் செய்வதிலும், யோகப் பயிற்சியிலும், அழகிய கையெழுத்துக் கலையிலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு உண்டு. நீண்ட தாடியும் ஆழ்ந்த கண்களும் கொண்ட அவரைப் பார்ப்பவர்கள் ஒரு முனிவரைக் கண்டதாகவே எண்ணுவார்கள். இளமையிலேயே காமிராவைக் கையில் எடுத்த அவர் முதுமை வரை அதைக் கைவிடவில்லை. வேறு எவரும் அருகில் இல்லாதபோது தம்மையே படம் எடுத்துக்கொண்டார். 1930-இல் பதினைந்து நாள் நோன்பு இருந்தபின், மெலிந்த தம் உடலை உள்ளபடி படம் எடுத்தார். தம் உருவத்தையும் ஒப்பனையின்றிக் காணத் துணிந்தவர் அவர் என்பதற்கு இது ஒரு சான்று.

இரு நாடுகள் இணைந்த இல்லறம்

அவருடைய முதல் மனைவி காலமாகிவிட்டார். பின்னர் லாகூரில் மேரி அன்டோனெட் என்னும் ஹங்கேரி நாட்டுப் பெண்மணியைச் சந்தித்தார். மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தியான இளவரசி பம்பாவுடன் இந்தியாவுக்கு வந்திருந்தவர் அந்த அம்மையார். பாடுவதிலும் பியானோ வாசிப்பதிலும் தேர்ந்தவர். 1912 பிப்ரவரியில் லாகூரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதன்பின் தம்பதியர் ஹங்கேரிக்குப் பயணமாயினர்.

1913 ஜனவரி 30-ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் அம்ரிதா பிறந்தாள். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் தங்கை இந்திரா பிறந்தாள். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஊர் திரும்ப வழியில்லை. இந்தியாவிலிருந்து பணம் வருவதும் தடைப்பட்டது. போர் முடிந்த பின்பும் உடனே திரும்ப முடியவில்லை. விடுதலை இயக்கத்தினரிடம் உம்ராவ் சிங் அனுதாபம் உள்ளவர் என்ற ஐயம் ஆங்கில அரசுக்கு இருந்தது. புடாபெஸ்டுக்கு அருகிலுள்ள துனாஹராஸ்தி என்னும் சிற்றூரில் அக்குடும்பம் 1921 வரை வாழ நேர்ந்தது.

செல்வந்தர் வீட்டில் பிறந்தும் சிக்கனமாக வாழ வேண்டிய காலம் அது. அந்தக் காலத்தில்தான் இரு பெண் குழந்தைகளும் அந்தக் காமிராவின் முன் வளர்ந்தார்கள். பெண் பிறந்தாள் என்றால் முகம் வாடும் வீடுகள் அந்நாளில் பஞ்சாபிலும் இருந்தன. நம் மதுரைச் சீமையின் சிற்றூர்களிலும் இருந்தன. பெண் சிசுவின் உயிருக்கே உலை வைத்த கொடுமையையும் நம் பகுதி கண்டது. அத்தகைய உலகில் ஒரு தந்தை தம் இரு பெண்களின் வளர்ச்சியையும் ஆண்டுதோறும் பதிந்து, அந்தக் கண்ணாடித் தகடுகளைப் பெட்டகப் பொன்போலக் காத்தார். ஒரு பெண் குழந்தையின் முகம் பாதுகாக்கத் தக்கது என்று சொல்லாமல் சொன்ன செயல் அது.

வெளிச்சத்தைப் படித்த மனிதர்

இன்று பொத்தானை அழுத்தியதும் படம் வந்துவிடுகிறது. அந்நாளில் அப்படி இல்லை. மூன்று கால் தாங்கியின் மேல் கனமான காமிராவை நிறுத்த வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால், பின்புறத்து மங்கல் கண்ணாடியில் குழந்தையின் உருவம் தலைகீழாகத் தெரியும். உருவம் தெளியும் வரை லென்சை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். பிறகு வெள்ளி உப்பு பூசிய கண்ணாடித் தகட்டை இருட்டு உறையோடு செருகி, மூடியைத் திறந்து மூட வேண்டும். இருட்டறையில் மருந்து நீரில் தகட்டைக் கழுவிய பின்பே படம் நன்றாக வந்ததா என்று தெரியும். ஒரு தகடு கெட்டால் கெட்டதுதான்.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் பலரும் குழந்தைகளைத் திறந்த வெளியில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஆனால் வெளியிலும் ஓர் இடையூறு உண்டு. உச்சி வெயில் தலைக்கு நேர் மேலிருந்து விழும்போது புருவத்தின் நிழல் கண்களை மறைத்துவிடும். குழந்தையும் கண் கூசி முகத்தைச் சுளிக்கும். மதுரை வெயிலை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலை இளவெயிலோ, மாலை மஞ்சள் வெயிலோ, மரத்தடி நிழலோ கிடைத்தால் ஒளி முகத்தில் மெல்லப் பரவும். கண்கள் இயல்பாகத் திறந்திருக்கும். வானத்தில் மெல்லிய மேகம் படர்ந்த நாள் இன்னும் நல்லது. முகத்தைக் காட்டுவது வெயிலின் மிகுதி அன்று. ஒளியின் மென்மையே என்பது உருவப்படம் எடுப்போர் அனைவரும் கற்கும் முதற்பாடம்.

உம்ராவ் சிங் இக்கலையின் புதுமைகளையும் விடாமல் பழகினார். இரு கண்கள் போல இரண்டு லென்சுகள் கொண்ட காமிராவால் இரட்டைப் படம் எடுத்து, அதை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்க்கும்போது உருவம் திரண்டு தெரியும் முறை ஒன்று உண்டு. அதை அவர் கையாண்டார். பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்ணத் தகடுகளையும் பயன்படுத்தினார். உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா நிறங்கள் ஊட்டி அந்தத் தகடுகளைச் செய்தார்கள். கறுப்பு வெள்ளைத் தகட்டைவிட அவற்றுக்கு மிகுதியான நேரம் ஒளி காட்ட வேண்டும். அதுவரை குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். துள்ளித் திரியும் சிறுமியை அப்படி நிற்கச் செய்வது மிரட்டலால் ஆகும் காரியமா? அன்பும் பொறுமையும் இருந்தால்தான் ஆகும்.

பார்க்கப்பட்டவள் பார்க்கத் தொடங்கினாள்

ஹங்கேரியில் இருந்தபோதே சிறுமி அம்ரிதா வண்ணக் கோல்களைக் கையில் எடுத்தாள். கேட்ட கதைகளுக்கெல்லாம் படம் வரைந்தாள். 1921-இல் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பிச் சிம்லாவில் சம்மர் ஹில் பகுதியில் குடியேறியது. மலையும் மரங்களும் சூழ்ந்த அந்த வீட்டில் பெண்கள் இருவரும் இசை பயின்றார்கள், நாடகங்களில் நடித்தார்கள். தந்தையின் காமிரா ஓயவில்லை. ஒரு படத்தில் ஐரோப்பிய உடை, வேறொரு படத்தில் இந்திய உடை, சிலவற்றில் சிரிப்பு, சிலவற்றில் சிந்தனை என அம்ரிதாவின் பல முகங்கள் அவற்றில் பதிந்தன.

கட்டுப்பாடான பள்ளி வாழ்க்கை அம்ரிதாவுக்கு ஒத்துவரவில்லை. 1924-இல் தாயுடன் இத்தாலி சென்று பிளாரன்ஸ் நகரில் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். சில மாதங்களிலேயே திரும்பிவிட்டாள். ஆனால் ஓவியத்தில் அவளுக்கிருந்த ஆர்வம் மட்டும் ஒருநாளும் குறையவில்லை. தாய்மாமனும் இந்தியக் கலைகளில் புலமை மிக்கவருமான எர்வின் பக்தாய் சிம்லாவுக்கு வந்தபோது அவளுடைய திறமையைக் கண்டு வியந்தார். கற்பனையில் வரைவதை விட்டு, உயிருள்ள மனிதரைப் பார்த்து வரையும்படி பழக்கினார்.

1929-இல் உம்ராவ் சிங் எடுத்த முடிவு எண்ணிப் பார்க்கத் தக்கது. பதினாறு வயது மகள் முறையாக ஓவியம் பயில வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தோடு பாரிஸ் நகருக்குச் சென்றார். அந்நாளில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு வரன் தேடுவதே பெற்றோரின் கவலையாக இருந்தது. இவரோ மகளின் கல்விக்காகக் கடல் கடந்தார். பாரிசின் புகழ்பெற்ற அரசுக் கலைக் கல்லூரியில் அம்ரிதா பயின்றார். தங்கை இந்திராவை முன்னிருத்தி 1932-இல் அவர் தீட்டிய இளம் பெண்கள் என்னும் ஓவியத்துக்கு மறு ஆண்டு தங்கப் பதக்கம் கிடைத்தது. பாரிசின் பெரிய ஓவியக் கண்காட்சிக் கழகம் அவரைத் துணை உறுப்பினராகவும் ஏற்றது. அப்போது அவருக்கு வயது இருபதுதான்.

இத்தனை ஆண்டுகளாகக் காமிராவின் முன் நின்று, தம்மை ஒருவர் கூர்ந்து நோக்குவதை உணர்ந்து வளர்ந்த பெண், இப்போது பிறரைக் கூர்ந்து நோக்குபவர் ஆனார். பிற்பாடு தம் தந்தையின் உருவத்தையும் தூரிகையால் தீட்டினார். தந்தை ஒளியால் செய்ததை மகள் வண்ணத்தால் செய்தார் என்றால் அது மிகையாகாது.

அன்புக்கு வந்த சோதனை

ஒரு வரலாற்றை எழுதும்போது இனிப்பான பகுதிகளை மட்டும் எழுதினால் அது உண்மையாகாது. 1934-இல் அம்ரிதா இந்தியாவுக்குத் திரும்ப விரும்பினார். தம் கலைக்குரிய மண் இந்தியாவே என்று அவர் உள்ளம் சொல்லிற்று. ஆனால் தந்தை தயங்கினார். மகளின் சுதந்திரமான போக்கைக் கண்டு சுற்றத்தார் என்ன சொல்வார்களோ, குடும்பப் பெயருக்கு இழுக்கு வருமோ என்று அஞ்சினார். மகள் மனம் நொந்தார். தம்மீதுள்ள அன்பைவிட ஊர்ப்பேச்சு பெரிதாகிவிட்டதே என்று வருந்திக் கடிதம் எழுதினார்.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு துயரம் நேர்ந்தது. அம்ரிதா வெளிநாட்டில் இருந்தபோது, அவர் வீட்டில் வைத்துச் சென்றிருந்த கடிதங்கள் பலவற்றைப் பெற்றோர் எரித்துவிட்டார்கள். அவை பிறர் கையில் சிக்கினால் மகளுக்கு அவப்பெயர் வரும் என்று அவர்கள் நினைத்தார்கள். அம்ரிதாவுக்கோ அவை இளமையின் நினைவுச் செல்வங்கள்.

ஆயிரம் முறை மகளின் முகத்தை நோக்கிய தந்தைக்கு, மகளின் மனத்தை நோக்குவது எளிதாக இருக்கவில்லை. குழந்தை நாம் நிறுத்திய இடத்தில் நிற்கும். நாம் திரும்பச் சொன்ன பக்கம் திரும்பும். வளர்ந்தபின் அவள் தானே ஓரிடத்தைத் தேர்ந்து நிற்பாள். அப்போதும் அவளை அன்போடு பார்க்கக் கூடுமா என்பதுதான் பெற்றோர்க்கு வரும் சோதனை. இந்தச் சோதனையில் உம்ராவ் சிங் தடுமாறினார். ஆயினும் மகளை விட்டு விலகவில்லை. மகளுக்கு வீட்டுக் கதவை அடைக்கவும் இல்லை. 1934 முடிவில் அம்ரிதா தாயகம் வந்தார். ஐரோப்பிய உடையைக் களைந்து சேலை உடுத்தினார். சேலையுடுத்திய அந்த மகளையும், அவர் தீட்டிய ஓவியங்களோடு சேர்த்துத் தந்தையின் காமிரா பதிந்துகொண்டது. இப்போது அந்தப் படங்களில் இருப்பவர் தந்தை நிறுத்தி வைத்த குழந்தை அல்லர். தம் தொழிலை அறிந்த ஒரு கலைஞர் நிமிர்ந்து நோக்குகிறார்.

தெற்கின் நிறங்களும் துயர முடிவும்

1936-ஆம் ஆண்டின் இறுதியில் அம்ரிதா தென்னாட்டுப் பயணம் மேற்கொண்டார். அஜந்தாவைக் கண்டார், கொச்சிச் சுவரோவியங்களில் மனத்தைப் பறிகொடுத்தார், நம் மதுரைக்கும் தெற்கே குமரிமுனை வரை வந்தார். தென்னாட்டு எளிய மக்களின் கருமை நிறமும் வெள்ளை ஆடையும் அவர் கண்களில் நிலைத்தன. சிம்லா திரும்பியபின் 1937-இல் அவர் தீட்டிய மணப்பெண் ஒப்பனை, பிரம்மசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் ஆகிய மூன்று ஓவியங்களும் அவருடைய தலைசிறந்த படைப்புகளாகப் போற்றப்படுகின்றன.

1938-இல் தம் உறவினரும் மருத்துவருமான விக்டர் ஏகானை மணந்தார். 1941-இல் லாகூரில் குடியேறினார். அங்கே ஓவியக் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அது திறப்பதற்குச் சில நாள் முன்பு திடீரென நோயுற்று, 1941 டிசம்பர் 5-ஆம் நாள் காலமானார். வயது இருபத்தெட்டு.

மகளின் பிறப்பு முதல் படம் எடுத்துவந்த தந்தைக்கு அப்போது எழுபத்தொரு வயது. 1948-இல் மனைவியும் மறைந்தார். பெட்டிகளில் அடுக்கிய கண்ணாடித் தகடுகளும் படங்களும் அவரிடம் எஞ்சின. இளைய மகள் இந்திரா, ஐ.சி.எஸ். அதிகாரியான கல்யாண் சுந்தரம் என்னும் தமிழரை மணந்திருந்தார். இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக 1958 முதல் 1967 வரை பணியாற்றியவர் இவரே. உம்ராவ் சிங் 1954-இல் தம் நெடிய வாழ்வை முடித்தார். அதே ஆண்டில் டில்லியில் தேசிய நவீன ஓவியக் கூடம் திறக்கப்பட்டது. அங்குள்ள செல்வங்களுள் தலையானவை அம்ரிதாவின் ஓவியங்கள். அவற்றை நாட்டின் கலைக் கருவூலமாக அரசு அறிவித்தது. 1978-இல் அவருடைய மலைநாட்டுப் பெண்கள் ஓவியம் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது.

காலம் தந்த மதிப்பு

மகளின் புகழ் வளர்ந்தபோதும் தந்தையின் படங்களை உலகம் நெடுங்காலம் கவனிக்கவில்லை. அவர் வாழ்ந்த நாளில் அவரைக் கலைஞர் என்று கொண்டாடியவர் இல்லை. இந்திராவின் மகனும் புகழ்பெற்ற ஓவியருமான விவான் சுந்தரம் தாத்தாவின் தகடுகளைப் பாதுகாத்து, அவற்றைப் பிறர் அறியச் செய்தார். தாத்தா எடுத்த பழைய படங்களைக் கணினியின் உதவியால் ஒன்றோடொன்று இணைத்து, 2001-ஆம் ஆண்டை ஒட்டிப் புதிய படத்தொகுதி ஒன்றை உருவாக்கினார். 2007-இல் பிரான்சு நாட்டின் ஆர்ல் நகரில் நடைபெறும் புகழ்மிக்க புகைப்பட விழாவில் உம்ராவ் சிங்கின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்பே, இந்தியப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர் என்று உலகம் ஒப்புக்கொண்டது. விவான் சுந்தரம் 2023-இல் காலமானார்.

நாம் பெறும் பாடம்

தோழியரே! இந்த வரலாற்றில் நமக்கு என்ன இருக்கிறது? கடிதங்கள் எரிந்தன, படங்கள் எஞ்சின. அச்சத்தினால் செய்த செயல் அழிவில் முடிந்தது. அன்பினால் செய்த செயல் இன்றும் வாழ்கிறது. இரண்டையும் செய்தவை அதே கைகள்தாம். நல்லவர்களுக்கும் இந்தத் தடுமாற்றம் வரும் என்பதை உணர்ந்தால், நம் பெற்றோரின் கண்டிப்புக்குப் பின்னாலுள்ள கவலை நமக்குப் புரியும். ஊரார் சொல்லுக்கு அஞ்சிப் பிள்ளைகளின் உள்ளத்தைக் காணத் தவறிவிடக் கூடாது என்பது பெற்றோருக்கும் புரியும்.

இன்னொன்றும் உண்டு. உம்ராவ் சிங் பதக்கத்துக்காகப் படம் எடுக்கவில்லை. பாராட்டை எதிர்பார்த்து ஒரு தகட்டையும் கழுவவில்லை. விரும்பிய வேலையை அறுபது ஆண்டுகள் விடாமல், குறைவின்றிச் செய்தார். கோலமோ, பூ வேலையோ, பாட்டோ, படம் வரைவதோ, நம் கைக்கு வந்த கலை எதுவானாலும் அவ்வாறே செய்வோம்.

வீட்டில் பழைய பெட்டிகள் இருந்தால் திறந்து பாருங்கள். பாட்டியின் சிறுவயதுப் படம் ஒன்று கிடைத்தால், அதன் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். அதை எடுத்தவர் யார் என்று பெரியவர்களைக் கேட்டு, அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். படத்தில் நிற்பவரை எல்லாரும் பார்ப்பார்கள். அவரை அன்போடு பார்த்தபடி வெளியே நின்றவரையும் நாம் மறவாதிருப்போம்.